ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஹைக்கூ புரியாது என்று யார் சொன்னது?

மாவட்ட அளவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹைக்கூப் போட்டி நடத்தும் இலக்கிய அமைப்பின் பொறுப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

இந்த ஆண்டுப் போட்டிக்கான உங்கள் சுற்றறிக்கை எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஹைக்கூ புரியும் வயதில்லை, ஆகவே அந்தப் பிரிவை நிறுத்துகிறோம், இனி ஆறாம் வகுப்புக்கு மேல்தான் போட்டி என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி உண்டாம். இதைப் படித்துவிட்டு, சரி போகட்டும் என்று கோப்பில் போட என்னால் முடியவில்லை.

நான் காவிரிக் கடைமடையில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் கூடுகிறார்கள். ஜப்பானிலிருந்து வந்த இந்த மூன்று வரிக் குட்டிக் கவிதையை, ஹைக்கூவை, அவர்களோடு சேர்ந்து படிக்கிறேன், எழுதவைக்கிறேன். போன ஆண்டு உங்கள் போட்டிக்கு அவர்களில் சிலரை அழைத்து வந்தவள் நான். நீங்கள் எந்த அனுபவத்தை வைத்து ‘வயதில்லை’ என்று முடிவு கட்டினீர்களோ, அந்த மண்டபத்தில் நானும் இருந்தேன்.

அங்கே நடந்தது இதுதான். ஜன்னல்கூடத் திறக்காத ஒரு கல்யாண மண்டபம். சுற்றறிக்கையில் முன்கூட்டியே சொன்ன மூன்று தலைப்புகளில் ஒன்று, ‘சாலைப் பாதுகாப்பு’, கரும்பலகையில் எழுதப்பட்டது. அரை மணி நேரம். முதல் வரியில் ஐந்து எழுத்து, இரண்டாவதில் ஏழு, மூன்றாவதில் ஐந்து. கருத்துக்கு 40 மதிப்பெண், சொல்நயத்துக்கு 30, எதிர்பாராத முடிவுக்கு 20, கையெழுத்துக்கு 10. எட்டு வயதுப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அப்பாவோ ஆசிரியரோ எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து வந்தவர்கள் எழுதி முடித்தார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். அந்த வெற்றுத்தாள்களைத்தான் நீங்கள் ‘வயதில்லை’ என்று படித்திருக்கிறீர்கள். என் கணக்கில் அந்தத் தாள்களில் தோற்றது உங்கள் விதிகள்.

முதலில் இந்த எழுத்துக் கணக்கைப் பார்ப்போம். சா, லை, ப், பா, து, கா, ப், பு. நீங்கள் கொடுத்த தலைப்பிலேயே எட்டு எழுத்து. உங்கள் ஹைக்கூவில் ஐந்திலும் அடங்காது, ஏழிலும் அடங்காது. ‘வந்துகொண்டிருந்தான்’ என்று ஒரு பிள்ளை எழுத ஆசைப்பட்டால் பத்து எழுத்து. ஒரு வினைச்சொல்லுக்கே இடம் இல்லாத வீட்டில் குழந்தையைக் குடிவைக்கிறீர்கள்.

ஜப்பானியர்கள் எண்ணுவது நம் எழுத்தை அல்ல, அசையையும் அல்ல. டோக்கியோ என்று நாம் சொல்வதை அவர்கள் தோ, ஓ, க்யோ, ஓ என்று நான்காகக் கணக்கிடுவார்கள். நெட்டோசைக்கு இரண்டு, குற்றோசைக்கு ஒன்று. நம் மாத்திரைக் கணக்குக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் நமக்கு ஒற்றெழுத்து அரை மாத்திரை, அவர்களுக்கு அது முழுதாக ஒன்று. அந்தக் கணக்கில் ஐந்து, ஏழு, ஐந்து சேர்ந்த 17 என்பது அவர்கள் மூச்சுக்கும் பேச்சுக்கும் இயல்பாக அமைந்த அளவு. கட்டளைக் கலித்துறை என்ற நம் மரபுப் பாவகையில் நிரையசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 17 எழுத்து என்று நமக்கும் ஒரு 17 உண்டு. அதை நான்காம் வகுப்பில் யாரும் நடத்துவதில்லை. ஏன் நடத்துவதில்லை என்று உங்களுக்கே தெரியும். ஜப்பானியர்களுக்கு இதை மூன்று வரியாக உடைக்கும் கட்டாயம்கூட இல்லை, பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். ஜப்பானிய ஹைக்கூவின் பேராசான் பாஷோவே இந்தக் கணக்கைத் தாண்டியிருக்கிறார். பட்டுப்போன கிளையில் காகம் வந்து உட்கார்ந்திருக்கும் இலையுதிர்கால மாலையைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஹைக்கூவில் நடுப்பகுதி ஏழு இல்லை, ஒன்பது. உங்கள் மண்டபத்தில் அந்தத் தாளை முதல் சுற்றிலேயே ஒதுக்கியிருப்பார்கள்.

வயதைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். பாஷோ சொன்னவற்றை அவருடைய சீடர் தோஹோ குறிப்புகளாக எழுதிவைத்திருக்கிறார். அதில் ஓர் இடம்: இந்தக் கவிதையை மூன்றடி உயரப் பிள்ளையிடம் கொடுங்கள், புதிதாக எழுத வருகிறவர்களின் கவிதையில்தான் நம்பிக்கை வைக்க முடிகிறது என்கிற பொருளில் பாஷோ சொல்கிறார். வேடிக்கைக்காகச் சொன்னதல்ல. தேர்ந்த கவிஞர்களுக்குக் கை பழகிவிடுகிறது, பார்ப்பதற்கு முன்பே சொல் வந்து நிற்கிறது, அது கெடுதல் என்பது அவருடைய கவலை. பைன் மரத்தைப் பற்றிப் பைன் மரத்திடம் கற்றுக்கொள், மூங்கிலைப் பற்றி மூங்கிலிடம் கற்றுக்கொள் என்ற அவருடைய வாக்கும் அதே குறிப்புகளில்தான் இருக்கிறது. 1694இல் இறந்துபோன அந்தக் கிழவர் மூன்றடிப் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் சுற்றறிக்கை போட்டு அதைச் சாத்துகிறீர்கள்.

ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பாடத்திலேயே ஹைக்கூ வந்துவிடுகிறது. பாஷோவுக்குப் பின்னால் வந்த ஹைக்கூக் கவிஞர் ஈஸாவின் கவிதைகள்தான் அங்கே பிள்ளைகளுக்கு நெருக்கம். ஈயை அடிக்காதே, பார், கையைத் தேய்க்கிறது, காலைத் தேய்க்கிறது என்பார். சிட்டுக்குருவிக் குஞ்சே, தள்ளு தள்ளு, குதிரை வருகிறது என்பார். மூன்று வயதிலேயே தாயை இழந்து வளர்ந்த மனிதர். இந்தக் கவிதைகளுக்குப் பொழிப்புரை வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்புப் பையனிடம் ஈக் கவிதையைப் படித்தால், அவன் உடனே தன் இரண்டு கையையும் தேய்த்துக் காட்டுகிறான். புரிந்துவிட்டது. பெரியவர்கள்தான் “இதில் கவிஞர் என்ன சொல்ல வருகிறார்?” என்று கேட்கிறார்கள்.

எங்கள் நூலகத்தில் ஒருநாள் ஈஸாவின் இன்னொரு கவிதையைப் படித்தோம். பனி உருகிவிட்டது, ஊர் முழுக்கக் குழந்தைகள் என்கிற கவிதை. கடைமடைப் பிள்ளைகளுக்குப் பனி என்றால் மார்கழியில் பிள்ளையார் கோயில் வாசலில் காலைச் சில்லிட வைப்பது, அவ்வளவுதான். அதனால் கதையாகச் சொன்னேன்: ஈஸா பிறந்த மலையூரில் குளிர்காலம் முழுக்க ஆள் உயரத்துக்குப் பனி விழுந்து கிடக்கும், பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள், ஒருநாள் அது உருகும். அப்புறம் கேட்டேன், “நம்ம ஊர்ல எல்லாப் பசங்களும் ஒரே நேரத்துல தெருவுக்கு வர்றது எப்போ?”

“வாய்க்கால்ல தண்ணி வர்ற அன்னிக்கு, டீச்சர்” என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தால், அந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கு நடந்து வர நாள் பிடிக்கும். வருகிற அன்றைக்கு நுரையும் சருகுமாகத்தான் வரும். அதன் முன்னால் பிள்ளைகள் ஓடுவார்கள். அன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியது:

வாய்க்காலில் தண்ணீர்
தெரு முழுக்க
ஈர டவுசர்கள்

ஈஸாவைப் படித்து, ஈஸாவைக் காப்பியடிக்காமல், தன் ஊரை எழுதிவிட்டான். எழுத்தை எண்ணினால் உங்கள் விதி இடிக்கும். கருத்து என்ற பத்தியில் எதை எழுதி 40 மதிப்பெண் போடுவீர்கள் என்றும் தெரியவில்லை. இந்தப் பையனைத்தான் இந்த ஆண்டு மாறுவேடப் போட்டிக்கு அனுப்பச் சொல்கிறீர்கள்.

இன்னும் இரண்டு. நான்காம் வகுப்புப் பெண் எழுதியது:

நாய்க்குட்டி தும்மியது
அதுவே
பயந்துபோனது

மூன்றாம் வகுப்புப் பையன் வாயால் சொல்ல, அவன் அக்கா எழுதிக்கொடுத்தது:

உழுகிற வயல்
டிராக்டர் பின்னால்
கொக்குகள் நடக்கின்றன

இவை பெரிய இலக்கியம் என்று நான் வாதாட வரவில்லை. இவற்றில் ஒரு பிள்ளை நின்று பார்த்திருக்கிறது. பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருக்கிறது. ஹைக்கூவுக்குள் நுழைய இது போதும். மற்றதெல்லாம் அப்புறம் வரட்டும்.

மூத்த பிள்ளைகளுக்கு மட்டும் உங்கள் விதிகள் நல்லது செய்கின்றனவா என்ன? போன ஆண்டு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ‘குடும்பம்’ என்ற தலைப்புக்கு இதை எழுதினாள்:

பாட்டியின் செருப்பு
இன்னும் வாசலில்
மார்கழிக் கோலம்

அவளுடைய பாட்டி ஐப்பசியில்தான் இறந்துபோயிருந்தார். அது நடுவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கவிதையிலேயே இருக்கிறது. உங்கள் நடுவர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கில், “செருப்புக்கும் கோலத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? கருத்து எங்கே?” என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. அந்தப் பெண் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் நெடுநாள் நூலகம் பக்கமே வரவில்லை.

ஐயா, அம்மா, ஹைக்கூவின் உயிரே அந்தச் ‘சம்பந்தம்’ சொல்லப்படாமல் இருப்பதில் இருக்கிறது. ஜப்பானிய ஹைக்கூவை இரண்டு துண்டாக வெட்டிப் போடுவதற்கென்றே ‘யா’, ‘கெரி’ மாதிரி வெட்டுச் சொற்கள் உண்டு. பாஷோவின் புகழ்பெற்ற கவிதையில் ஒரு பக்கம் பழைய குளம், இன்னொரு பக்கம் தவளை குதிக்கும் தண்ணீர்ச் சத்தம். நடுவில் உள்ள இடைவெளி வாசகருக்கு. செருப்பு ஒரு பக்கம், கோலம் ஒரு பக்கம். யார் போட்ட கோலம், யார் இனிப் போட மாட்டார்கள் என்பதை நாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் சரியாக வெட்டியிருந்தாள். நடுவர் அதை ஒட்டவைக்கச் சொன்னார். பரிசு வாங்கிய கவிதையை இங்கே எடுத்து எழுத மாட்டேன். அதை எழுதிய பிள்ளைமேல் எந்தத் தப்பும் இல்லை, கேட்டதைக் கொடுத்தது.

தமிழ் ஹைக்கூ சமூக அக்கறையோடு வளர்ந்தது, மூன்றாம் வரித் திருப்பம் நம் மரபாகவே ஆகிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். மறுக்கவில்லை. பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதி அறிமுகம் செய்துவைத்தார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் கவிஞர்கள் அதை எடுத்துச் சாதியையும் வறுமையையும் அரசியலையும் மூன்றே வரியில் குத்தினார்கள். நல்ல கவிதைகள் வந்தன. ஜப்பானிலும் மனிதர்களின் கோணல்களை இப்படிக் குத்திக் காட்டும் குறுங்கவிதைக்குத் தனி வகையே உண்டு, அதை சென்ரியு என்கிறார்கள். பெரியவர்கள் அதையும் எழுதட்டும். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நெகிழியை ஒழிக்கும் கருத்தைக் கேட்டால், அது ஏற்கெனவே சுவரில் படித்த வாசகத்தைத்தான் திருப்பித் தரும். அதற்கு வாசகப் போட்டி என்று பெயர் வைத்துத் தனியாக நடத்துங்கள், நானே பிள்ளைகளை அனுப்புகிறேன்.

பிள்ளைகளை எப்படிப் பழக்குகிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கவிதை என்ற பேச்சையே முதலில் எடுப்பதில்லை. நூலகத்துக்குப் பின்னால் உள்ள வாய்க்கால் கரை வரை நடப்போம். கண்டது ஒன்று, கேட்டது ஒன்று, மூக்குக்கு எட்டியது ஒன்று என்று குறித்துக்கொண்டு வரவேண்டும். ‘அழகான’, ‘இனிய’ கூடாது. ‘போல’ கூடவே கூடாது. ‘போல’ வந்தால் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிட்டு ஜோடிக்கத் தொடங்கிவிடும்.

அப்புறம் காலம். ஜப்பானிய ஹைக்கூவில் பருவத்தைச் சுட்டும் சொல் ஒன்று இருக்க வேண்டும் என்பது மரபு. தவளை என்றால் வசந்தம், மின்மினி என்றால் கோடை, தட்டான் என்றால் இலையுதிர்காலம். சும்மா நிலா என்று சொன்னாலே இலையுதிர்கால நிலாதான். இந்தச் சொற்களையெல்லாம் பருவம் பருவமாகத் தொகுத்து அகராதியே வைத்திருக்கிறார்கள். சங்கக் கவிதைக்கு நிலமும் பொழுதும்தான் முதற்பொருள் என்று படித்த நமக்கு இது அந்நியமா? எங்கள் பிள்ளைகள் ஒரு சார்ட் தாளில் மாதவாரியாக எழுதத் தொடங்கினார்கள். ஆனிக்கு நாற்றங்கால். ஆடிக்குக் காற்று, பதினெட்டாம் பெருக்கில் இழுக்கிற சப்பரம். புரட்டாசிக்குத் தட்டான். ஐப்பசிக்கு ஈசல், மழை லீவு. மார்கழிக்குப் பூசணிப் பூ. தைக்குப் பனங்கிழங்கு, கரும்புச் சக்கை. சித்திரைக்கு வேப்பம்பூவும் நுங்கும். ‘பரீட்சை’ எந்த மாதத்துச் சொல் என்று பெரிய சண்டை. பங்குனியில் போடுவதென்று முடிவானது. பள்ளியில் சேருவதும் படித்து முடித்து வெளியேறுவதும் ஜப்பானியப் பட்டியலில் வசந்தகாலச் சொற்களாக இருப்பதைச் சொன்னபோது அவர்களுக்கு ஒரே சந்தோஷம். கொசு மருந்துப் புகையை ஐப்பசியில் சேர்த்ததும் அவர்கள்தான், நான் அல்ல. இந்தப் பட்டியல் சுவரில் தொங்குகிறது. தலைப்பு இல்லாமல் பிள்ளைகள் எதைப் பற்றி எழுதுவார்கள் என்று கேட்பவர்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

தேர்வு செய்வதற்கும் ஜப்பானியர்களிடமே நல்ல முறை இருக்கிறது. குக்காய் என்று பெயர், கவிதைக் கூட்டம். எல்லோரும் தங்கள் கவிதையைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். சீட்டுகளைக் கலந்து, யார் கையெழுத்து என்று தெரியாதபடி வேறு தாளில் படியெடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் பிடித்ததைத் தேர்ந்து, ஏன் பிடித்தது என்று சொல்கிறார்கள். எழுதியவர் கடைசியில்தான் வாய் திறக்கிறார். பழைய நோட்டுத் தாளைக் கிழித்து நாங்களும் இப்படித்தான் செய்கிறோம். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட உள்ளேன் ஐயா என்று சத்தமாகச் சொல்லாத ஒரு பையனின் கவிதையை ஒருமுறை எல்லோரும் தேர்ந்தார்கள்:

வடை மடித்த தாளில்
யாரோ ஒருவரின்
கணக்குப் பரீட்சை

யார் எழுதியது என்று கேட்டதும் அவன் எழுந்து நின்றான். பக்கத்தில் இருந்தவன் நம்பவே இல்லை.

நவீன ஹைக்கூவின் முன்னோடிக் கவிஞர் மசாஓகா ஷிகி பிறந்த ஜப்பானின் மட்சுயாமா நகரில் தெருவில் போகிறவர் ஹைக்கூ எழுதிப் போடுவதற்கென்றே அஞ்சல்பெட்டி போலப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் 1998 முதல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஹைக்கூப் போட்டி நடக்கிறது. ஐந்து ஐந்து பேராக அணி. ஓர் அணியின் கவிதையை எதிரணி கேள்வி கேட்கும், இவர்கள் பதில் சொல்வார்கள். அங்கேயும் மேடை உண்டு, மைக் உண்டு, கேள்வி உண்டு. கேட்கிறவர்கள் சக மாணவர்கள். கவிதையைக் கூர்ந்து படித்ததற்கும் மதிப்பெண் உண்டு. உலகம் முழுவதும் உள்ள குழந்தைகளுக்காக 1990இல் தொடங்கிய ஜப்பானியப் போட்டி ஒன்றில் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே எழுதி, கூடவே படமும் வரைந்து அனுப்புகிறார்கள். எழுதத் தடுமாறுகிற சின்னப் பிள்ளைக்குப் படம் எவ்வளவு பெரிய துணை என்று தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இனி நான் கேட்பவை. ஐந்தாம் வகுப்பு வரையிலான பிரிவை நிறுத்தும் முடிவை இந்த ஆண்டே திரும்பப் பெறுங்கள், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அந்தப் பிரிவில் படத்தோடு எழுதவும், எழுதத் தெரியாத பிள்ளை வாயால் சொல்லவும் இடம் கொடுங்கள். எல்லாப் பிரிவுக்கும் தலைப்பை எடுத்துவிடுங்கள். போட்டி அன்று முதல் அரை மணி நேரம் பிள்ளைகளை வெளியே விடுங்கள், மண்டபத்துக் கொல்லைப்புறமே போதும். அங்கே பார்த்ததை உள்ளே வந்து எழுதட்டும். மனப்பாடக் கவிதைக்கும், செல்போன் எழுதிக்கொடுக்கும் கவிதைக்கும் அதிலேயே முடிவு வந்துவிடும். ஐந்து, ஏழு, ஐந்து எழுத்து விதியை நீக்கி, மூன்று சிறிய வரி என்று மட்டும் சொல்லுங்கள். கருத்துக்கான 40 மதிப்பெண்ணை, பிள்ளை தானே பார்த்ததற்குக் கொடுங்கள். கையெழுத்துக்கு மதிப்பெண் வேண்டவே வேண்டாம். சீட்டில் பெயர் இல்லாமல் தேர்வு நடக்கட்டும், பிள்ளைகளுக்கும் ஓட்டு இருக்கட்டும். எந்த நடுவரும் எந்தப் பிள்ளையையும் மேடையில் நிறுத்திக் கருத்து எங்கே என்று கேட்கக் கூடாது என்பதை விதியாகவே எழுதுங்கள். கடைசியாக, போன ஆண்டு மைக்கில் அப்படிக் கேட்கப்பட்ட மாணவிக்கு உங்கள் அமைப்பின் பெயரில் ஒரு கடிதம் வர வேண்டும். பள்ளி முகவரிக்கு அனுப்பினால் நான் அவள் கையில் சேர்த்துவிடுகிறேன்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்குகிறது. எங்கள் பள்ளிப் பட்டியலில் ஆறாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்தே அனுப்புகிறேன். அவற்றை ஏற்கிறீர்களா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
காவிரிக் கடைமடையில் ஒரு தமிழாசிரியை